மாஸ்டருக்கு மட்டும் சிவப்பு

“பாத்தீங்களா டாக்டரம்மா? இவ்வளவு நேரம் பச்சை. நம்ம வண்டி கிட்ட வந்ததும் சிவப்பு. இது தற்செயலா?”

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கேட்டபோது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல் டாக்டருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பிரேக்கை மிதித்த பதற்றத்தில் கிளட்சை மறந்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. முரட்டு ஆசாமிகளின் கடைவாய்ப் பல்லையே அசராமல் பிடுங்குகிற அம்மாள். கிளட்ச் என்றால் மட்டும் ஒரே பயம்.

“சிக்னல்னா சிவப்பு விழத்தானே செய்யும் மாஸ்டர்?”

“தினமும் எனக்கு மட்டுமா விழும்? கம்பத்து மேல பாருங்க, கேமரா. நம்மளப் பாத்துத் திரும்புது!”

கேமரா உண்மையிலேயே திரும்பியது.

மாஸ்டர் லேசுப்பட்ட ஆளில்லை. குழாய்த் தண்ணீரில் மறதி மருந்து கலக்கிறார்கள், வானிலை அறிக்கையைக் குடைக் கம்பெனிக்காரர்கள்தான் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய அரசாங்கம் தன்னைத் தனியாகக் குறிவைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யார் வேலை என்பதும் தெரியும். மாப்பிள்ளை வேலைதான். அவருடைய ஒரே மகள், உலகத்தில் வேறு ஆண்பிள்ளையே இல்லாத மாதிரி, மாஸ்டரின் மூன்று மாணவர்களை ஒரே நாளில் ஃபெயிலாக்கிய லைசென்ஸ் இன்ஸ்பெக்டரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். “அவனா, நானா?” என்று கேட்டார் மாஸ்டர். “இது என்னப்பா கேள்வி?” என்றாள் மகள். அதோடு பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் முதலில் பேசட்டும் என்று இவர். அப்பா முதலில் கூப்பிடட்டும் என்று அவள். அவளுக்கு அரசாங்கத்தில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததாம். மனைவி அந்தப் பேச்சை எடுத்தாலே டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஆனாலும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து எட்டிப் பார்க்கிறவர் அவர்தான்.

மறுநாள் மார்க்கெட்டைச் சுற்றி வேறு வழியில் போகச் சொன்னார். அங்கேயும் சிவப்பு. சுற்றிய சுற்றில், டாக்டரம்மாவின் கிளினிக்கில் வீங்கிய கன்னத்தோடு ஒருவர் காத்திருந்து காத்திருந்து கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வண்டிக் கூரை மேலிருந்த டிரைவிங் ஸ்கூல் மஞ்சள் போர்டைக் கழற்றினார். சிவப்பும் விழுந்தது, போலீஸ்காரரும் வந்தார். போர்டு இல்லாமல் பழகுகிறவரை ஓட்ட விட்டதற்காக, நடுரோட்டில் நிற்க வைத்துச் சாலை விதிகளை ஒப்பிக்கச் சொன்னார். காலமெல்லாம் ஊருக்கே அதைச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனிடம்!

அதற்கடுத்த நாள் போர்டைத் திரும்ப மாட்டிவிட்டுத் தன் தோற்றத்தையே மாற்றினார். டாக்டரம்மாவின் மாஸ்க், டாக்டரம்மாவின் பச்சைத் தொப்பி. அன்றைக்கு விழுந்த சிவப்பு போகவே இல்லை. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார்.

அப்போது மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, சட்டையில மேல் பட்டன் அறுந்து தொங்குதே, மாத்திக்கிட்டுப் போகக்கூடாதா? அது என்ன முகத்துல மாஸ்க்கு? உடம்புக்கு என்ன?”

“மாஸ்க் போட்டிருக்கேன்னு உனக்கு யார் சொன்னா?”

“அது... காலைல பாத்தேன்.”

“காலைல நான் போடவே இல்லையே!”

போன் பட்டென்று வைக்கப்பட்டது. மாஸ்டர் போனையே முறைத்தார். இப்போது யோசித்தால் எல்லாம் புரிந்தது. கொஞ்ச நாளாகத் தினமும் ஷேவ் பண்ணச் சொல்கிறாள். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைக்கிறாள். கேட்டால், “நாலு பேரு பாக்கறாங்கல்ல” என்கிறாள்.

“டாக்டரம்மா, என் பொண்டாட்டியும் அந்தக் கூட்டத்துல சேந்துட்டா.”

“மாஸ்டர், திங்கக்கிழமை எனக்கு டெஸ்ட். இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தீங்க, பல்லைப் பிடுங்கிடுவேன்.”

திங்கட்கிழமை மனைவி பெரிய பையோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மாஸ்டர் டாக்டரம்மாவோடு டெஸ்டுக்குக் கிளம்பினார். சிக்னல் வந்தது. பச்சை! கேமரா அசையவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

டெஸ்ட் எடுத்தது சாட்சாத் மாப்பிள்ளை. டாக்டரம்மா பாஸ். “நின்னு கிளம்பறதுல இப்படி ஒரு நிதானத்தை நான் பாத்ததே இல்லை” என்றார் மாப்பிள்ளை. இருக்காதா பின்னே? அந்த அம்மாள் சிவப்பிலேயே வளர்ந்தவர் ஆயிற்றே. பிறகு மாப்பிள்ளை மாஸ்டர் பக்கம் குனிந்து, “மாமா, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தார். மாஸ்டர் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

செவ்வாயும் பச்சை. புதனும் பச்சை. மாஸ்டர் வேண்டுமென்றே ஊர்ந்து போய்ப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேமராவுக்குக் கையைக்கூட ஆட்டினார். அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் வீடு வெறிச்சென்று கிடந்தது. சதியென்றாலும், தினமும் யாரோ ஒருவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை, புது லைசென்ஸைக் காட்ட வந்த டாக்டரம்மாவிடம், “அவங்க என்னைக் கைவிட்டுட்டாங்க” என்றார்.

“நல்லதுதானே? அதுக்கு ஏன் கண்ணு கலங்குது?”

“தூசி.”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏறுங்க வண்டியில. சிக்னல் கண்ட்ரோல் ரூமுக்கே போய்க் கேட்டுடுவோம்.” கிளட்ச் சொன்னபடி கேட்டது.

கண்ட்ரோல் ரூம் வாசலில் ஒரு பியூன் டீ டம்ளர்களோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். மாஸ்டர் வழியை மறித்தார்.

“இத்தனை நாளா சிவப்பு போட்டு நிறுத்தினீங்கள்ல, இப்ப ஏன் என்னை நிறுத்தறதில்ல? நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

பியூன் திகைத்தார். “ஏன் நிறுத்தறீங்கன்னுதான் சார் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. ஏன் நிறுத்தலன்னு கேக்கற முதல் ஆளு நீங்கதான்.” அப்போதுதான் வெளியே நின்ற வண்டி அவர் கண்ணில் பட்டது. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அட, அந்த மஞ்சள் போர்டு வண்டி நீங்கதானா! எங்க மேடம் திங்கக்கிழமையிலேருந்து பிரசவ லீவுல இருக்காங்க சார். அதுக்கு முன்னாடியெல்லாம் உங்க வண்டி வந்தாப் போதும், சிவப்பைப் போட்டு நிறுத்திட்டு, வயித்தத் தடவிக்கிட்டே சொல்லுவாங்க: ‘நல்லாப் பாத்துக்கோடா தங்கம், அதோ இருக்காரே, அவர்தான் உன் தாத்தா!’”