சுரப்புச் சான்றிதழ்

இன்சுலின் ஊசி கேட்பவர்கள், தம் உடம்பில் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைப் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் நிரப்பித் தரவேண்டும் என்பது மருந்து வழங்கும் அலுவலகத்தின் விதி. நல்ல விதிதான். யாருக்கு மாத்திரை போதும், யாருக்கு ஊசி வேண்டும் என்று அளந்துதானே அறிய வேண்டும்?

வெல்டரின் மனைவி அளந்துகொண்டுதான் வந்தாள். நாலு மாதத்தில் பாதியாய் உருகிப்போன கணவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சன்னலில் படிவத்தை நீட்டினாள். மாத்திரை இனிக் கேட்காது, உடனே ஊசி என்று டாக்டர் எழுதியிருந்தார். ஏழாம் கட்டத்தில் பரிசோதனைக்கூடம் எழுதியிருந்தது: 'அளவிட முடியாத அளவுக்குக் குறைவு.'

எழுத்தர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். "எண் எங்கம்மா?"

"சுரக்கவே இல்லைங்க. அதனாலதான் ஊசி கேக்கறோம்."

"எண் கட்டத்துல எழுத்து வரக்கூடாது."

"அப்ப சைபர் போட்டுக்கங்க."

"சைபர்னா பரிசோதனையே செய்யலைன்னு அர்த்தம். சுற்றறிக்கை இருக்கு."

"செஞ்ச சீட்டு உங்க கையிலதானே இருக்கு?"

"இருக்கறதை நான் மறுக்கலையே. சுரந்தாத்தான் அளக்க முடியும். அளந்தாத்தான் நம்ப முடியும். நம்பினாத்தான் ஊசி."

மூன்று வாரம் நடந்தாள். செருப்புத் தேய்ந்தது, வெல்டர் அதைவிட வேகமாகத் தேய்ந்தார். நாலாம் வாரம் எழுத்தருக்கே மனம் இளகிவிட்டது. அலுவலகங்களில் அதைவிட ஆபத்து வேறில்லை.

"வீட்ல வேற யாருக்காவது சுரக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குச் சுரக்கும்னு நினைக்கறேன்."

"அப்புறமென்ன? புருஷன் பொண்டாட்டி ஒரே குடும்பம்தானே. அவர் பேர்ல நீங்க ரத்தம் குடுங்க. எண் வந்துடும்."

கொடுத்தாள். வந்தது, புள்ளி வைத்த அழகான எண். எழுத்தர் அதை விரலால் தடவிப் பார்த்தார். கோப்பு முதன்முறையாக எழுந்து அதிகாரியின் அறைக்குள் போயிற்று. அரைமணியில் கையெழுத்தும் முத்திரையுமாகத் திரும்பியது.

'மனுதாரருக்கு இன்சுலின் சிறப்பாகச் சுரக்கிறது. ஊசி தேவையில்லை. மாத்திரையையும் நிறுத்தலாம். வாழ்த்துகள்.'

இரண்டுமுறை படித்தாள். "அது என் ரத்தம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்மா. கோப்புக்குத் தெரியாதே."

வரிசையில் பின்னால் நின்றவர் அவள் தோளருகே குனிந்தார். "அக்கா, எங்கண்ணனுக்கும் ஏழாம் கட்டத்துலதான் நிக்குது. உங்க ரத்தம் கொஞ்சம் கிடைக்குமா?"

"ஊசி இல்லைன்னு எழுதிட்டாங்கய்யா."

"இல்லைன்னாவது எழுதினாங்களே. எங்கண்ணன் போய்ச் சேர்ந்தே ஆறு மாசமாச்சு. கோப்பு இன்னும் மேசையை விட்டு எழுந்திருக்கலை."

அவள் பெஞ்சுக்குப் போய்க் கணவனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். திரும்பிப் பார்த்தபோது சன்னலுக்கு எதிரே ஒருவரும் இல்லை. யாரும் சொல்லாமலே, முண்டாமல் இடிக்காமல், வரிசை முழுவதும் படிவங்களோடு அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது.