பெட்டிக்குள் ஒரு குட்டிப் பெட்டி

மண்டபத்து மாடிப்படியில், சரியாக எட்டாவது படியில், பெட்டிக்காரர் நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவரோடு சேர்ந்து அவருடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் நின்றது. உயரத்தில் அது பீரோவில் பாதி. கனத்தில் முழு பீரோ.

மற்ற மூன்று மூலைகளையும் பிடித்திருந்த டிரம்மரும் கீபோர்டுக்காரரும் பாடகியும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கை வியர்க்கிறது, ஒரு நிமிஷம் என்றார் பெட்டிக்காரர். உண்மையில் அவருடைய இடுப்பில் ஏதோ ஒன்று 'களுக்' என்றிருந்தது.

பகலில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். மாலையில் கல்யாண வரவேற்புகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். குழு ஆரம்பித்து முப்பது வருஷம். முதல் கச்சேரிக்கே இந்தப் பெட்டியோடுதான் வந்தார், பெயரும் அப்போதே ஒட்டிக்கொண்டது. வேறு குழுக்களின் பேஸ்காரர்கள் கைக்கு அடக்கமான சின்னப் பெட்டிகளோடு வரத் தொடங்கியபோது, "என்னப்பா, கொசு ரேடியோ கொண்டு வந்திருக்கான்" என்று சொல்லி மேடையையே சிரிக்க வைத்தவர் அவர். அந்த வாய்தான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறியது.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் தலையணையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, அதை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"பெட்டியை விடுங்க. இல்ல, இடுப்பை விடுங்க. எதை விட்டாலும் மேடையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். "வீட்டுலயே இருந்தா உங்களை நான் எங்கங்க வைக்கிறது?"

அந்த வாரமே இருவரும் கடைக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டிக்காரர் அதை ஒரு கையால் தூக்கினார். செய்ய வேலையில்லாமல் இன்னொரு கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சத்தத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. கொசு ரேடியோவோடு போய் எந்த முகத்தோடு அந்தப் படியில் ஏறுவது? சிரிப்பார்கள் என்பதுகூடப் பெரிதில்லை. பெட்டியை விட்டால் அடுத்து அவர் வயசைப் பார்ப்பார்கள். வயசைப் பார்த்தால் அடுத்து வேறு ஆளைப் பார்ப்பார்கள். நாற்பது தாண்டினால் எல்லோருக்கும்தான் கண்ணாடி, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கடையில் அன்று மட்டும் இரண்டு பேருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். சொன்ன வார்த்தை எதுவும் அவர் காதிலேயே விழவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த நாலு ஸ்பீக்கர்களையும் எடுத்தார். டாக்டர் சீட்டுக்குப் பயந்து, அவற்றைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது மனைவிதான். காலியான வயிற்றுக்குள் சின்னப் பெட்டியை வைத்துப் பலகையை மூடினார். வெளியே பார்த்தால் அதே பீரோ. தூக்கினால் பஞ்சு.

இப்போது ஒரே ஒரு ஆபத்துதான் மிச்சம். வேறு யாரும் இதைத் தொட்டுவிடக் கூடாது.

"தள்ளுங்க, தள்ளுங்க. தினமும் கனமாத் தூக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டே, அடுத்த கச்சேரியில் பெட்டிக்காரர் அதைத் தனியாகவே தூக்கினார். சந்தேகம் வரக் கூடாது என்று நாலு படிக்கு ஒருமுறை முனகினார். எட்டாவது படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். நடிப்பு கொஞ்சம் கூடிப்போய், மண்டப மேனேஜர் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். மற்ற மூவரும் கீழேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

ஆனால் முதல் பாட்டு தொடங்கியதும் அவருக்குத் திக்கென்றது. அவர் அடிக்கம்பியைத் தட்டினார், பெட்டி முழங்கியது, கீபோர்டுக்காரர் விரல் தடுமாறித் திரும்பிப் பார்த்தார். டிரம்மர் ஒரு அடியைத் தவறவிட்டார். எந்த நாளும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டாத பாடகி, முழுசாகத் திரும்பிப் பெட்டியையே பார்த்தபடி அரை வரி பாடினார்.

கண்டுபிடித்துவிட்டார்களோ? பெட்டிக்காரர் நைசாகச் சத்தத்தைக் குறைத்தார். இடைவேளையில் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. மூவரும் ஓரமாகப் போய் ஏதோ குசுகுசுத்துவிட்டு, அவர் பக்கம் வந்ததும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் டிரம்மர் தன் பெரிய டிரம்மோடு படியடியில் காத்திருந்தார். அவருக்கு முழங்கால் கொஞ்ச நாளாகவே சரியில்லை.

"டேய், உன் டாக்டர் இன்னும் கனம் தூக்கத்தானே சொல்றார்? அப்ப இதையும் ஒரு கை பிடி."

முடியாது என்று எப்படிச் சொல்வது? பீரோவையே தனியாகத் தூக்குகிறவனுக்கு ஒரு டிரம் எம்மாத்திரம். பிடித்தார். அதற்கும் அடுத்த வாரம் கீபோர்டும் அதன் இரும்பு ஸ்டாண்டும் அவர் தலையில் விழுந்தன. மண்டப மேனேஜர் வேறு, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சோபாவை மட்டும் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்கள் சார், உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். வேலை செய்பவர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்க, பெட்டிக்காரர் சோபாவை நகர்த்தினார்.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மனைவி வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டே, போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள், முப்பது வருஷமாகக் கூட இருப்பவர்கள்தானே என்று பொறுமையாகச் சொன்னார். பெட்டிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மனைவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சரி, இப்படிப் பண்ணலாம். லேசா இருந்ததாலதானே தனியாத் தூக்குனீங்க? அதைத் திரும்பக் கனமாக்கிடுவோம். வயசாச்சு, இனிமே தனியா முடியலன்னு சொல்லுங்க. பழையபடி நாலு பேரும் சேர்ந்து பிடிப்பீங்க. பாரமும் நாலாப் பிரிஞ்சுடும்."

எடைக்குப் போடச் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டுகளையெல்லாம் மனைவியே பெட்டிக்குள் திணித்தார். நடுவில், முட்டையை அடைகாக்கிற மாதிரி, சின்னப் பெட்டியை உட்கார வைத்தார். அதை வேனில் ஏற்ற டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

படியடியில் பெட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு எல்லோரும் ஒரு கை கொடுங்கள் என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டிரம்மர் அன்று தன் மச்சானை வேறு கூட்டிக்கொண்டு வந்திருந்தார், இந்தப் பெட்டியை ஒரு ஆள் தனியாகத் தூக்குவதைக் காட்டுவதற்காகவே. மண்டப மேனேஜர் படி ஓரமாக நல்ல இடம் பார்த்து நின்றுகொண்டார். மச்சான் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டிக்காரர் குனிந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தார்.

முதல் படி ஏறினார். இரண்டாவது ஏறினார். மூன்றாவதில் 'களுக்' என்றது. இந்தத் தடவை அது மற்றவர்களுக்கும் கேட்டது. பெட்டி கையை விட்டு நழுவி, மூன்று படிகளிலும் முட்டி இறங்கித் தரையில் குப்புறக் கவிழ்ந்தது. பின்பலகை தெறித்தது. ஒரு வருஷத்துச் செய்தித்தாள்கள் சரசரவென்று தரையெல்லாம் பரவின. கடைசியாக, வெளியே வரலாமா என்று யோசித்தது போல, சின்னப் பெட்டி மெதுவாக உருண்டு வந்து டிரம்மரின் காலடியில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பெட்டிக்காரர் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாடகி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வலியா அண்ணா என்று கேட்டதற்கு, வலியெல்லாம் பரவாயில்லை என்று தலையாட்டினார். பிறகு டாக்டர் சொன்னதிலிருந்து பேப்பர்க் கட்டு வரை எல்லாவற்றையும், தரையைப் பார்த்தபடி, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"இனிமே என்னால தூக்க முடியாதுடா" என்றார் டிரம்மரிடம். "தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

டிரம்மர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயாடா வாசிச்ச, இந்த மூணு வாரமும்?"

"ஆமா."

டிரம்மர் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். கீபோர்டுக்காரர் பாடகியைப் பார்த்தார். திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவர்கள் போல மூவரும் முழித்தார்கள். டிரம்மர் பெட்டிக்காரரின் கையைப் பிடித்து அழுத்தினார். கீபோர்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மேடையில் ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்த, குழுவோடு எப்போதும் வரும் சவுண்டு ஆபரேட்டர்ப் பெண், சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், டிரம்மர் மடியில் இருந்ததைப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"அப்ப பெட்டிக்குள்ள இருந்து முழங்கினது பேய் இல்லையா அண்ணா? உங்க பெட்டி எரிஞ்சு செத்து ஆறு வருஷம் ஆச்சு, நான்தான் உங்க முதுகுக்குப் பின்னால வேற ஸ்பீக்கரை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு, இவங்க மூணு பேரும் இத்தனை நாளா அந்தப் பிணத்தை உங்களோட சேர்ந்து படியேத்திக்கிட்டு இருந்தாங்க."