ஏழாவது மாடியில் ஓர் உயிரிழப்பு

என்னைக் கொன்றவர் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவர் முருகையா. நானாகச் சொல்லவில்லை. லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தார்: "தீ அவசரப் பயிற்சி வெற்றி. உயிரிழப்பு: ஒருவர், ஏழாவது மாடி." அந்த ஒருவர் நான்தான். அதைப் படித்துவிட்டு என் மனைவி மேரியிடம் துக்கம் விசாரிக்க வந்த, பயிற்சியைப் பார்க்காத ஓர் ஆன்டிக்கு டீ கலக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

முப்பது வருஷம் கிள்ளானில் ஒரு பட்டறையில் கார் தகரம் தட்டினேன். காது போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். (எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.) எதிரே இருப்பவர் உதட்டைப் பார்ப்பேன். பாதி புரியும். மீதிக்குச் சிரித்து வைப்பேன். இப்படிச் சிரித்தே இரண்டு சாவு வீடுகளில் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

பூச்சோங்கில் இருக்கும் என் மகள் ரீத்தா, என்னிடம் சொல்லாமல் முருகையாவுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அப்பாவுக்குக் காது கேட்காது, எங்கள் மாடியின் தீ மணி பக்கத்தில் மின்னும் விளக்கு ஒன்று வேண்டும் என்று. அவர் நேரே என்னிடம் வந்தார்.

"உங்க மக லைட் கேட்டு லெட்டர் போட்டிருக்கா அண்ணே. உங்களுக்குக் காது கேக்காதா?"

அன்றைக்கென்று முழுசாகப் புரிந்தது.

"யாரு சொன்னா? ஊசி விழுந்தாலும் கேக்கும். அவ சும்மா பயப்படுறா."

"ஒரு ஆளுக்காக லைட் போடுறதும் கஷ்டம்லா" என்று நிம்மதியாகப் போய்விட்டார். ஆக, கொலைக்கு நானும் உடந்தை.

சொல்லாமல் நடத்தினால்தான் பயிற்சி என்று முடிவு செய்து, ஒரு சனிக்கிழமை காலை மணியை அடித்திருக்கிறார்கள். மேரி மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் கைலியோடு அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடியிருக்கிறார்கள். வெளியே போனவர்களைக் கழித்து எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆள் குறைந்திருக்கிறது. தீயணைப்பு ஆட்கள் மூன்று பேர் ஏழு மாடி ஏறி, கதவைத் தட்டி, பூட்டாத கதவைத் திறந்து உள்ளே வந்திருக்கிறார்கள். வீடு முழுக்கக் கருவாட்டுப் புகை. பயிற்சிக்கு அவர்களே கூட அவ்வளவு புகை போட்டிருக்க மாட்டார்கள்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினேன். மூன்று தலைக்கவசம், மூன்று முகமூடி. படிக்க ஓர் உதடு கூட இல்லை. கையிலிருந்த கரண்டியால் ஒருவர் தலைக்கவசத்தில் ஒரு போடு போட்டேன்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் பட்டையால் கட்டினார்கள். "விடுங்கடா" என்று ஏழு மாடியும் கத்தினேன். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தார்களாம்.

கீழே அடுக்குமாடியே நின்றுகொண்டிருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவர் முகமூடியைக் கழற்றினார். தமிழர்.

"அங்கிள், இவ்வளவு நேரமா பெல் அடிக்குதே, ஏன் இறங்கி வரல?"

"என்ன பெல்?"

மணி அப்போதும் அடித்துக்கொண்டிருந்ததாம், என் தலைக்கு மேலேயே, தூணில். எல்லோர் முகமும் ஒரே மாதிரி மாறியது. முருகையா தன் செருப்பைப் பார்த்தார்.

மீன் பையோடு மேரி வந்தாள். ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டக் கரண்டியை ஆட்டினேன். பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள்.

"அடுப்ப அணைச்சீங்களா?"

மூன்று பேரும் மறுபடி ஏழு மாடி ஓடினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் பதில் "என்ன பெல்?" தான். பால் பொங்கினாலும் அதுதான், பேரன் பரீட்சையில் கோட்டை விட்டாலும் அதுதான்.

பயிற்சியன்று ஊரில் இல்லாத மூன்றாவது மாடி வசந்தி மறுநாள் வந்தாள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நாலு மாதக் குழந்தை இருக்கிறது. போனில் தட்டிக் காட்டினாள்: "வெக்கத்துல செத்தவர இப்பதான் அங்கிள் நேர்ல பாக்குறேன்."

தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். குழந்தை அழுதால் கூடத்தில் வெள்ளை விளக்கு மின்னுகிறது. வாசல் மணிக்கு நீலம். காலையில் எழுப்பத் தலையணைக்கு அடியில் ஒரு வட்டு அதிர்கிறது. மறைக்க அவளிடம் ஒன்றுமில்லை. நான் பத்து வருஷம் மறைத்திருக்கிறேன். அந்த வாரமே நீல விளக்கு என் வீட்டுக்கும் வந்தது. இப்போது மேரி சாப்பாட்டுக்கும் வாசல் மணியை அழுத்தித்தான் கூப்பிடுகிறாள். சண்டை வந்தால் விடாமல் அழுத்துகிறாள்.

ஆனால் வீட்டு விளக்குக்கு நடைபாதைத் தீ மணி எட்டாது. ஏழாவது மாடி மணிக்கு விளக்கு வந்துவிட்டது, நான் செத்த புண்ணியத்தில். மூன்றாவது மாடிக்கு வசந்தி எழுதிக் கேட்டாள். "ஒரு வீட்டுக்காகவா?" என்றாராம் முருகையா.

முருகையா, அன்று நான் பொய் சொன்னேன். செலவில்லாத பொய் என்பதால் நீங்களும் நம்பினீர்கள். வசந்தி பொய் சொல்லவில்லை. அந்தக் குழந்தை தூங்கும் மாடிக்கு விளக்கு எப்போது? வரும் ஞாயிறு குடியிருப்பாளர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காதீர்கள். நானும் வசந்தியும் முன்வரிசையில் இருப்போம். உங்கள் உதடு எங்களுக்குத் தெரிய வேண்டும்.