கார்டு வீட்டுக் கூட்ஸ் வண்டி

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கண்டால், அதை இன்னும் நன்றாக ஓடவைக்க வேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். ஊரில் பாதிக் கடிகாரங்கள் நின்றுபோனது இவர்களால்தான். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. (வீட்டில் சிலர் அதற்கு முந்தின வருஷம் என்பார்கள். அவர்கள் எதையும் குறித்துவைப்பவர்கள் அல்ல.) மத்திகிரி கால்நடைப் பண்ணையில் நான் குமாஸ்தா. அப்போது ஓசூரில் ரயில் கிடையாது. முன்பு ஒரு சின்ன ரயில் இருந்தது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ரயிலில் கார்டாக இருந்த ஞானமுத்து, ஓய்வுபெற்ற பிறகு வீட்டு மேசைமேலேயே ஒரு ரயில் வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன பொம்மை. சாவி கொடுத்தால் ஓடும் தகர எஞ்சின், பின்னால் ஆறு கூட்ஸ் பெட்டிகள், கடைசியில் கார்டு பெட்டி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓட்டுவார். பச்சைக் கொடியும் காட்டுவார்.

எனக்கு வேண்டியது ரயில் அல்ல. அவர் மகள் எஸ்தர்.

"வர்ற வாரம் சேலத்துலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. அதுக்குள்ள அப்பாகிட்ட கேட்டுடுங்க" என்று கோயில் வாசலில் சொன்னாள். "உங்களுக்குத்தான் வாயே தெறக்காதே. போதகரையாவது கூட்டிக்கினு வாங்க."

போதகரிடம் சொல்லிவைத்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். அந்த ரயிலில் பெட்டிகளின் தகரக் கொக்கி அடிக்கடி கழன்றுகொள்ளும், சக்கரங்கள் கிரீச்சிடும். அதைச் சரிசெய்து கொடுத்தால் மனிதர் என்னிடம் மயங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பெங்களூரில் பட்டாளத்தார் இருந்த தண்டுப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் பித்தளைச் சக்கரங்களும், தானே மாட்டிக்கொள்ளும் புது மாதிரிக் கொக்கிகளும் கிடைத்தன.

"நல்லாத்தானே ஓடுது தம்பி?" என்றார் ஞானமுத்து.

"இன்னும் நல்லா ஓடும் ஐயா."

சனிக்கிழமை பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு வேலையில் இறங்கினேன். பழைய சக்கரங்களைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, எண்ணெய் விட்டேன். விரலால் தட்டினால் காற்றாடி போலச் சுற்றின. கொக்கிகள்தான் ஆடின. செம்புக் கம்பியால் பெட்டியோடு சேர்த்துக் கட்டினேன். மனம் கேட்கவில்லை. மாட்டிய கொக்கிகளையும் ஒன்றோடொன்று பிணைத்தேன். எஸ்தர் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் கம்பியை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன்.

மறுநாள் போதகர் வெள்ளை அங்கியோடு வந்து, காபியும் கையுமாக மேசையருகே உட்கார்ந்தார். எஸ்தர் பெட்டிகளில் வறுத்த வேர்க்கடலை ஏற்றினாள். வண்டி சுற்றி வரும்போது விருந்தாளி எடுத்துக்கொள்வது அந்த வீட்டு உபசாரம்.

போதகர் தொண்டையைச் செருமினார். "ஞானமுத்து, இந்தப் பையனப் பத்தி ஒரு விஷயம்..."

எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தண்டவாளத்தில் நின்ற எஞ்சினைப் பிடித்துக்கொண்டேன். சாவியைத் திருகினேன்.

"நல்ல குணம்." திருகினேன்.

"ஒழுங்கா கோயிலுக்கு வரான்." திருகினேன்.

"ரொம்பப் பொறுமைசாலி." சாவி அதற்கு மேல் திரும்ப மறுத்தது. பிடியை விட்டேன்.

பழைய சக்கரங்களின் கிரீச்சுதான் அந்த எஞ்சினுக்கு பிரேக் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போதகர் கடலைக்குக் கை நீட்டினார்; அதற்குள் பெட்டிகள் போய்விட்டன. மறு சுற்றில் தண்டவாளம் வளைந்தது, எஞ்சின் வளையவில்லை. பழைய கொக்கியாக இருந்தால் எஞ்சின் மட்டும் விழுந்திருக்கும். என் கொக்கி விடுமா? ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் பெட்டிகளும் கடலையோடு போதகர் மடியில் இறங்கின. காபி அங்கியில் இறங்கியது. கார்டு பெட்டி மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்தது. பிறகு அதுவும்.

"எல்லா ஹோய்த்து!" என்று அலறினார் ஞானமுத்து. (எல்லாம் போச்சு என்று அர்த்தம். ஆத்திரம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.)

போதகர் அங்கியை உதறியபடி என்னைப் பார்த்தார். "பொறுமைசாலின்னு இப்பத்தானேப்பா சொன்னேன்?"

நான் செருப்பைத் தேடினேன்.

ஞானமுத்து எஞ்சினைப் பிடித்துத் தூக்கினார். அத்தனை பெட்டிகளும் சரமாகத் தொங்கின. உதறிப் பார்த்தார். ஒன்றுகூடக் கழலவில்லை. இன்னும் பலமாக உதறினார்.

"ஒரு தடவ ஏத்தத்துல கொக்கி அறுந்து, என் பெட்டி மட்டும் காட்டுல நின்னுபோச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "பிரேக்கப் புடிச்சுக்கினு நரி ஊளையக் கேட்டுக்கினு கெடந்தேன். வண்டி ஊர் போய்ச் சேந்துடுச்சு. கார்டக் காணோமேன்னு ஒருத்தனும் கேக்கல."

கடைசியில் தொங்கிய கார்டு பெட்டியைக் கையில் ஏந்தினார்.

"இவன் கார்டயும் சேத்துத்தான் கவுத்துட்டான். ஆனா உட்டுட்டுப் போகல."

பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "எஸ்தரு, சேலத்துக்காரங்கள வர வேணாம்னு எழுதிடலாமா?"

"எழுதிடுங்கப்பா" என்று பதில் உடனே வந்தது.

"தம்பி, பொண்ணத் தரேன். ஆனா இனிமே என் ரயிலத் தொடாத."

தொடவில்லை. அதற்குப் பதிலாக சூளகிரியில் கோழிப்பண்ணை வைத்துக் கவிழ்ந்தேன். அன்று எஸ்தர், "கொக்கி போட்டது நீங்கதானே, நானும் வந்து விழுந்துதான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கோழியில் குழம்பு வைத்தாள்.

இப்போதும் வீட்டில் நான் திருப்புளியைக் கையில் எடுத்தால் போதும். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.