பழைய பெயருக்கு வந்த அழைப்புகள்

"உயரம் எவ்வளவுங்க?" என்று கேட்டார் சாள்ஸ். மூன்று வாரங்களுக்குப் பிறகு கடைக்கு வந்த முதல் அழைப்பு அது. சந்தோஷத்தில் அளவுப் புத்தகத்தை அவசரமாகத் திறந்தார்.

"அஞ்சடி ஒம்பதுங்க."

"நல்ல உயரம்! மெலிவா, பருமனா?"

"முந்திப் பருமன்தாங்க. ஆஸ்பத்திரியில கெடந்து மெலிஞ்சிட்டாரு."

சாள்ஸின் பேனா நின்றது. "மெலிஞ்சிட்டாரா? பொண்ணுக்குத்தானே கேக்குறீங்க?"

"அப்பாவுக்குங்க. பெட்டி சாயந்தரத்துக்குள்ள வந்துருமா?"

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இருந்த அந்தக் கடையில் பெட்டி என்றால் ஊசி, நூல் வைக்கும் பெட்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் மணப்பெண்ணுக்கு வேண்டியவை: வெள்ளைக் கவுன், லேஸ் சேலை, முக்காட்டு நெட், கைப்பூ.

போன நத்தார் வரை கடைக்கு 'ரோசரி பிரைடல்' என்று பெயர். மகள் ஏஞ்சலின் கம்பஸ் படிப்புக்கு எடுபட்டதும், சாள்ஸ் பெருமை தாங்காமல் 'ஏஞ்சலின் பிரைடல்' என்று மாற்றிவிட்டார். வெப்சைட்டுக்கும் புதுப் பெயர். பழைய பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்தியை, இனி எதற்கு என்று அழித்துவிட்டார்.

கூகிளில் தேடினால் முதலில் நின்ற கடை, அதன் பிறகு ஆறாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அங்கேயும், இந்தியாவில் எங்கோ கலியாணத்துக்கு யானை வாடகைக்கு விடும் ஒருவருக்குக் கீழே.

தவக்காலத்தில் மாதா கோயிலில் கலியாணம் இல்லை. ஆனால் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வரும் கலியாணங்களுக்கு உடை பேசுவது தவக்காலத்தில்தான். இந்த முறை அதற்குள் பத்துப் பேராவது வராவிட்டால், தையல்காரி டிலானியை நிறுத்த வேண்டும். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவளைத் தையல் பழக்கிக் கூட்டி வந்தவள் சாள்ஸின் மனைவி திரேசா.

வெப்சைட் செய்து கொடுத்த அப்லால், எதிரே போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார்.

"கூகிள்ல மரியாதை எல்லாம் பழைய பேருக்குத்தான் சாள்ஸ் அண்ணே. அதைப் போய்ச் சாக விட்டுட்டீங்களே."

செத்த பெயரைத் தட்டிப் பார்க்கச் சாள்ஸுக்கு மனம் வரவில்லை. "இப்ப என்னா தம்பி செய்றது?"

"அது கைவிட்டுப் போயிருச்சு, காலாவதியான வேற நல்ல பேரு ஒண்ணு வாங்குவோம். அதைத் தட்டுறவங்க நேரா உங்க சைட்டுக்கு வந்துருவாங்க. போர்வட்டிங். அந்தப் பேரோட மதிப்பும் கூடவே வரும். குருவிட்டயில என் மச்சானும் கடைக்காரங்களுக்கு இதேதான் செஞ்சு குடுக்கிறான்."

சாள்ஸுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். அங்கே யாருக்கும் தனி முகவரி கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். யாரோ ஒருவருடைய முகவரிக்கு வருவதும், பிறகு தன் கைக்குச் சேருவதும் அவருக்கு உலக வழக்கம். ஆகவே, வாங்கப்போகும் பெயர் முன்பு யாருடையது என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்லால் பட்டியலில் இருந்து 'அமைதி' என்ற பெயரை எடுத்தார். "கலியாணத்துக்கு முக்கியமா வேண்டியது அதுதானே அண்ணே" என்றார்.

மறுநாள்தான் அந்த அஞ்சடி ஒம்பது அழைப்பு வந்தது. அதன்பின் போன் ஓயவில்லை. "மல் ஷாலாவத?" என்று சிங்களத்தில் கேட்டார்கள், சவ அடக்கத்துக்கு எல்லாம் செய்து கொடுக்கும் மலர்ச்சாலையா என்று தமிழில் கேட்டார்கள். வெப்சைட்டின் முகப்பில் வெள்ளைப் பூக்களும் மெழுகுதிரிகளும் இருந்தன. அதன் கீழே, 'வாழ்வில் ஒருமுறை வரும் நாள். எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தது. அழுத கண்ணோடு பார்ப்பவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"அப்லால், இது மலர்ச்சாலை இல்லைன்னு கொட்டை எழுத்துல போடுங்க!"

அப்லால் மூன்று மொழியிலும் போட்டார்: 'இது மலர்ச்சாலை அல்ல. இங்கே சவப்பெட்டி, பிரேத வண்டி, மலர்வளையம் கிடைக்காது.'

நான்கு நாளில் அவர் தெருவைக் கடந்து ஓடி வந்தார். "மேல வந்துட்டோம் அண்ணே! முதல் பக்கம்!"

"எதுல?"

அப்லாலின் குரல் இறங்கியது. "சவப்பெட்டியில. நாம எழுதின சொல்லை எல்லாம் கூகிள் படிச்சிருக்கு. 'இல்ல'ங்கிறதை மட்டும் அது கணக்கிலேயே எடுக்கல போல."

"எல்லாத்தையும் கழட்டுங்க!"

பதற்றத்தில் கழற்றப் போன அப்லால், 'ஏஞ்சலின்' பெயரை 'அமைதி'க்கும், 'அமைதி'யை 'ஏஞ்சலின்' பெயருக்கும் திருப்பிவிட்டார். அரசாங்கக் கந்தோரில் ஒரு மேசைக்காரர் அடுத்த மேசைக்கு அனுப்ப, அவர் முதல் மேசைக்கே திருப்பி அனுப்புவாரே, அப்படி. வெப்சைட் திறக்கவே இல்லை. கூகிளில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கடையின் போன் நம்பர் மட்டும் நிலைத்து நின்றது.

இத்தனைக்கும் நடுவில் திரேசா ஒரு அழைப்பையும் பாதியில் வைக்கவில்லை.

"அழுறவங்ககிட்ட 'ரோங் நம்பர்'னு சொல்லி வைக்க முடியுமாங்க?" என்றாள். அழுது முடியும்வரை கேட்பாள். குருவிட்டயில் ஒரு மலர்ச்சாலையின் நம்பரைத் தேடி வைத்திருந்து, அதைக் கொடுப்பாள். இறந்தவர் பெயரைக் கொப்பியில் எழுதி, மாலைச் செபத்தில் ஒவ்வொன்றாகச் சொல்வாள். செபம் நீண்டது, சாள்ஸின் சோறு தினமும் ஆறியது.

ஒருநாள் குருவிட்டத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். அம்மா போய்விட்டார், வெள்ளைச் சேலையில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார், வீட்டில் வெள்ளைச் சேலை இல்லை.

திரேசா கண்ணாடி அலுமாரியைத் திறந்து நல்ல லேஸ் சேலை ஒன்றை எடுத்தாள். டிலானி அதை அயர்ன் பண்ணினாள். வீணாக்கக் கூடாது என்று திரேசா மிச்சம் வைத்திருந்த பழைய 'ரோசரி பிரைடல்' பையில் போட்டு, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

"கலியாணப் பொண்ணு ஒண்ணும் வரல. நீ பொணத்துக்கு உடுத்தி அனுப்புறியா?" என்று கத்தினார் சாள்ஸ்.

"அந்த அம்மாவும் ஒரு காலத்துல கலியாணப் பொண்ணுதாங்க."

சாள்ஸ் அலுமாரிக் கதவை மூடி வைத்தார். நல்ல மனிதர்தான், பயம்தான் அவரைக் கத்த வைத்தது.

தவக்காலம் முடிய ஒரு வாரம்தான், குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. கலியாணம் ஒன்றுகூடப் பதியவில்லை. டிலானியைக் கூப்பிட்ட சாள்ஸ், மேசையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினார்.

"சொல்ல வேணாங்க ஐயா" என்றாள் டிலானி. "பால் வெட்டுற கத்திய தீட்டக் குடுத்துட்டேன்."

"அவசரப்பட்டு ஏன்டி குடுத்த?" என்றாள் திரேசா. அவள் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஒரு கறுப்பு வேன் கடை வாசலில் வந்து நின்றது. எதிர் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். "யாரு சாள்ஸ் அண்ணே போனது?" என்று அப்லால் அங்கிருந்தே கேட்டார்.

"என் யாவாரம்!" என்றார் சாள்ஸ்.

வேனிலிருந்து வெள்ளை உடையில் ஒரு பெரியவர் இறங்கினார். நெற்றியில் திருநீறு, கையில் 'ரோசரி பிரைடல்' பை.

"நான் அழகமுத்துங்க. குருவிட்ட விதுர்ஷன் மலர்ச்சாலை. முந்தி அமைதி மலர்ச்சாலைன்னு பேரு. பேரன் பொறந்த சந்தோஷத்துல அவன் பேரை வச்சேன். மருமக இன்னும் என்கூடப் பேசுறதில்ல."

'அமைதி' என்ற சொல்லைக் கேட்டதும் சாள்ஸ் கைகூப்பிவிட்டார். "மன்னிச்சிருங்க ஐயா. உங்க பழைய பேரை வாங்கினது நான்தான். உங்களுக்கு வர வேண்டிய போன் எல்லாம் இங்க வந்துருச்சு."

"தெரியுங்க. இந்தம்மாதான் எல்லாரையும் எங்ககிட்ட அனுப்பி வச்சாங்கன்னு வந்தவங்க சொன்னாங்களே. ஒருத்தரையும் நான் இழக்கல." பெரியவர் திரேசாவைக் கும்பிட்டார். "நான் வந்தது இந்தப் பைக்காக. ரோசரி பிரைடல் எங்க இருக்குன்னு தெரியாம ஒரு மாசமா அலையிறேன். நேத்துச் சாவு வீட்டுலதான் அட்ரஸோட இதைப் பாத்தேன்."

"அது எங்க பழைய பேருங்க. நீங்க ஏன் தேடினீங்க?"

அழகமுத்து இடுப்பிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, மேசையில் ஊசிகளுக்கு நடுவே வைத்தார்.

"குருவிட்டயில கடைக்காரங்களுக்குக் காலாவதியான பேரு வாங்கிக் குடுக்கிற தம்பி ஒருத்தர் பேச்சைக் கேட்டு அந்த ரோசரி பேரை வாங்கினது நான்தாங்க, எங்க வீட்டுக்காரியும் யாரு போனையும் பாதியில வைக்க மாட்டா, இதுல உங்களைத் தேடி எங்களுக்குப் போன் எடுத்த பதினேழு கலியாணப் பொண்ணுங்க இருக்கு, தொழில் பழக்கத்துல எல்லாருக்கும் உயரம் மட்டும் சரியா எழுதி வச்சிருக்கா."