என் தொப்பி ஓட்டைக்கு வந்த பதக்கம்

நியூசிலாந்து, தாரநாக்கி
மார்ச் 4, 1872

அன்புள்ள ஒபதியா அண்ணனுக்கு, கடல் கடந்து வந்த தம்பி ஜேபஸ் பணிந்து எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரி கெசியாவும் பதினான்கு மாடுகளும் சுகம். அங்கே டெவனில் அண்ணியின் முட்டுவலி தேவலையா?

அண்ணா, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளோடு சண்டை நடந்தபோது, பால் கறந்துகொண்டிருந்த என்னையும் தொண்டர் படையில் சேர்த்துத் துப்பாக்கி கொடுத்தார்கள் அல்லவா? அந்தச் சண்டைக்கு, பதினொரு வருஷம் கழித்து, மகாராணியின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் தருகிறார்கள். சும்மா இல்லை, எதிரியின் குண்டுக்கு முன்னால் நின்றோம் என்று கூட இருந்தவன் ஒருவன் சத்தியம் பண்ண வேண்டும். நான் நின்றது ஒரே ஒரு நாள். அதுவும் நிற்கவில்லை, ஓடினேன். ரூபி என்ற செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு புதருக்குள் ஓட, அதன் பின்னால் நான் ஓட, எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து என் தொப்பியைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அந்தத் தொப்பியைத்தான் கூடத்தில் ஆணியடித்து மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் பண்ணை சைலஸ் சத்தியம் பண்ணினான், பதக்கம் வந்தது, போன சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் கேக்கும் தேநீரும் வைத்துக் எங்கள் படைக் காப்டன் அதை என் நெஞ்சில் குத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள், சைலஸ் மட்டும் ஓவென்று அழுதான்.

“மனசு கேக்கலடா ஜேபஸ். அந்தக் குண்டு என்னோடதுடா. புதர் ஆடுச்சு, எதிரின்னு நினைச்சு சுட்டுட்டேன்.”

“அடப்பாவி! அப்புறம் எப்படிடா பைபிள் மேல கைவச்சு சத்தியம் பண்ணினே?”

“உன் மேல குண்டு வந்ததைக் கண்ணால பார்த்தியான்னு கேட்டாங்க. பார்த்தேன்னேன். யாரு சுட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்கலியே!”

கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துகிற நான் ஒரு பொய்யை நெஞ்சில் குத்திக்கொண்டு எப்படி நடப்பேன்? கெசியாவோ, “ஓட்டை ஓட்டைதானேங்க, அதை யாரு போட்டா என்ன? கழட்டினீங்கன்னா ராத்திரிக்கு ரொட்டி கிடையாது” என்கிறாள். ஆகவே அவளுக்குத் தெரியாமல் பதக்கத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். லண்டனில் சேர வேண்டியவர்களிடம் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டையும் தொழுவத்தையும் காப்பாராக.

வெட்கத்தில் தலைகுனிந்த தம்பி,
ஜேபஸ் ஹாக்கிங்

பி.கு.: உறைக்குள் பதக்கத்தைத் தேடாதீர்கள். ஒட்டப்போகிற நேரத்தில் உருளைக்கிழங்கு விற்க ரவிரி வந்தார். அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற மாவோரிக்காரர். கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அன்னிக்கு அந்தப் புதருக்குள்ள நானும்தான் இருந்தேன். எங்க கிழங்குத் தோட்டத்தை மிதிச்சுக்கிட்டு, பசு வாலைப் புடிச்சுக்கிட்டு, அழுதுகிட்டே ஓடினே. துப்பாக்கியை உன் நெஞ்சுக்கு நேரா வச்சுட்டேன். பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன். உன்னைச் சுட்டது உன் ஆளு, விட்டது நான். எனக்கு மெடலும் வரல, இருந்த தோட்டமும் போச்சு.”

அண்ணா, அந்தத் தோட்டத்தில்தான் இப்போது என் மாடுகள் மேய்கின்றன. பதக்கத்தை நானே அவர் மேலங்கியில் குத்திவிட்டேன். விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கிறதே என்று தயங்கினேன்.

“இருக்கட்டும். யாரைச் சுடாம விட்டேன்னு கேட்டா காட்டணும்ல?” என்றார்.