சாக்கு நானாவும் நாற்பது மாதுளையும்

ஓர் அரசாங்கக் கந்தோரையே பத்து நாள் தேத்தண்ணி இல்லாமல் தவிக்கவிட்டு, அதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படாத மனிதர் மன்னார்த் தீவில் ஒருவர்தான். அவர் எங்கள் கந்தோர்க் காவலாளி. தோளில் எந்நேரமும் ஓர் ஈரச் சாக்கு கிடக்கும். அதனால் எல்லோருக்கும் சாக்கு நானா, அதாவது சாக்கு அண்ணன்.

எருக்கலம்பிட்டியில் மீளக் குடியேறிய நாற்பது வீடுகளுக்கு, நானாவின் வீடும் அதில் ஒன்று, நாற்பது மாதுளங்கன்றுகள் லொறியில் கந்தோருக்கு வந்தன. பாதி பையில், பாதி மண்ணே இல்லாத வெறும் வேரோடு. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்தவன் நான். பின்வளவில் இறக்கி முடிக்கவில்லை, வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: பிரதம விருந்தினருக்கு நேரமில்லை, கன்று நடும் விழா தள்ளிவைப்பு. ஒரு கன்று பட்டுப்போனாலும் உம்மைத்தான் கேட்பேன் என்றார் எங்கள் கந்தோர்ப் பெரியவர்.

வேரைக் காற்றில் காயவிட்டேன் என்று நானா என்னைத் திட்டித் தீர்த்தார். ஈரச் சாக்குகளால் மூடினார். வேப்பமர நிழலில் நீளமாகக் குழி வெட்டி, வெறும்வேர்க் கன்றுகளைச் சரித்துப் படுக்கவைத்து வேருக்கு மண் போட்டார். பைக்கன்றுகளைச் சுவரோரம் நெருக்கி அடுக்கினார். ஊர்க் கழுதைகள் மேயாமல் இருக்கக் கந்தோரில் உட்காரும் கதிரைகளால் வேலி கட்டினார். பெரியவர் தன் கதிரையைத் தேடிப் பின்வளவுக்கு வந்தபோது அதில் ஒரு கழுதை முகம் உரசிக்கொண்டிருந்தது.

கந்தோர்க் கிணறு உப்பு. பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணி முழுக்கக் கன்றுகளுக்கே போனது. தேத்தண்ணி எங்கே என்று பெரியவர் அதட்டினார்.

"சேர், தாகமெண்டா நீங்கள் வாய்விட்டுக் கேப்பீங்கள். இதுகள் என்ன செய்யும்?"

விழா மூன்றாம் முறையும் தள்ளிப்போய்த் திங்களுக்கு வந்தது. நானா ஒரு கன்றைக் கிளப்பிக் காட்டினார். வெள்ளை வேர் விட்டு, துளிரும் கட்டியிருந்தது.

"இனிப் பொறுக்காது தம்பி. நாளைக்கு நட்டாப் பிழைக்கும். திங்களெண்டா விறகு."

மேலிடத்து உத்தரவு என்று சொல்லி நழுவினேன். அவர் குனிந்து கன்றுகளை எண்ணத் தொடங்கினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கள் காலை விருந்தினரின் வாகனம் வாசலில் நின்றது. பின்வளவுக்கு ஓடினேன். குழி வெறுமை. பெரியவரும் விருந்தினரும் எனக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். நானா ஒரே ஒரு பைக்கன்றோடு நின்றார்.

"எல்லாம் வீடு வீடாப் போய் நட்டாச்சு சேர். வேருக்கு உங்கட திகதி தெரியாது. இது என்ட வீட்டுப் பங்கு, படத்துக்கு வச்சனான்."

விருந்தினர் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். பெரியவர் சிரிக்கவில்லை. யார் சொல்லி நட்டது என்று என்னிடம் எழுத்தில் கேட்டார். நானா தற்காலிக ஊழியர். ஒரு கடிதத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பலாம். நான் சொல்லித்தான் நட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். என் உத்தியோக வாழ்வில் துணிந்து எழுதிய ஒரே பொய் அது. தண்டனையாக, அரிப்பு என்ற தூர ஊருக்கு எனக்கு இடமாற்றம் வந்தது.

புறப்பட்ட அன்று என் மோட்டார்சைக்கிளில் அந்தப் பைக்கன்றை நானா கட்டிவைத்திருந்தார், காற்றுப் படாமல் ஈரச் சாக்கில் சுற்றி. போனதும் நடச் சொன்னார். அவருடைய தோளை வெறுமையாக நான் பார்த்தது அன்று மட்டும்தான்.